பழைய கணிப்பொறியைப் புதிதாய்ச் செய்வதும் பதிப்புரிமையும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி ஏவப்பட்டது. அந்த ஏவுதளத்தின் தொடக்க ஆண்டுகளில் அயல்நாடுகள் சில கருவிகளைக் கொடுத்து உதவின. சோவியத் நாடு அளித்தவற்றுள் மின்ஸ்க்-2 என்னும் கணிப்பொறியும் ஒன்று. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற யந்திரம் அது. இன்று அதே நகரில், வெள்ளயம்பலத்தில் இயங்கும் சி-டாக் ஸ்தாபனம், விரல்நகத்தளவுச் சில்லில் அடங்கும் வேகா என்னும் செயலிகளை வடிவமைத்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த காலத்தில் எத்தனையோ கணிப்பொறிகள் வந்து, உழைத்து, பரணுக்குச் சென்றுவிட்டன.

அத்தகைய யந்திரம் ஒன்றைத் திரும்பச் செய்து மாணவர்க்குக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் ஆசிரியர் பலருக்கு உண்டு. இன்றைய கணிப்பொறியின் உட்புறம் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதில்லை. பழையதன் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி விளக்கலாம். ஆவல் நல்லதே. ஆயினும் பழைய கணிப்பொறியைத் திரும்பச் செய்வது பழைய நீராவி யந்திரத்தைத் திரும்பச் செய்வது போன்றதன்று. நீராவி யந்திரத்தின் வயிற்றுக்குள் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. கணிப்பொறியின் உள்ளே எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து ஒருவருக்குச் சொந்தமானது.

இரும்பும் எழுத்தும்

நம் நாட்டுப் பள்ளிகளோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு யந்திரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1984-85-ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்ப 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவி, பிரிட்டனில் ஆக்கார்ன் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ. இதே யந்திரத்தை ஆக்கார்னிடம் லைசென்ஸ் பெற்று, மத்திய அரசின் நிறுவனமாகிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே செய்தது. சில பள்ளிகளின் பழம்பொருள் அறைகளில் இவை இன்னும் கிடக்கக்கூடும். விசைப்பலகை உடைந்து, மின்வழங்கியின் மின்தேக்கி வெடித்து, தூசு படிந்திருக்கும்.

இதைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் என்னென்ன தேவை? முதலாவது செயலி. இதில் உள்ளது 6502 என்னும் சில்லு, 1975-இல் வெளிவந்தது. இதன் வழிவந்த 65சி02 இன்றும் கடையில் கிடைக்கிறது. புனைவுரிமை 20 ஆண்டுகளே நீடிக்குமாதலால் அக்காலத்துப் புனைவுரிமைகள் யாவும் காலாவதியாகிவிட்டன. இரண்டாவது மின்சுற்று. சுற்றின் தத்துவம் எவர்க்கும் சொந்தமன்று. ஆனால் கம்பெனி வரைந்து அச்சிட்ட சுற்றுப்படம் ஒரு படைப்பு. அதை அப்படியே நகலெடுத்து விநியோகிப்பதைவிட, பலகையைப் பார்த்துப் புரிந்துகொண்டு நாமே புதிதாக வரைவது மேல். கற்பித்தலுக்கும் அதுவே உகந்தது. மூன்றாவது, அந்த யந்திரத்துக்கென்றே செய்யப்பட்ட இரு தனிச் சில்லுகள். அவற்றின் வேலையை வெளியிலிருந்து அளந்தறிந்து, இன்றைய நிரற்படுத்தத்தக்க சில்லுகளைக் கொண்டு செய்துகொள்ளலாம். சில்லின் உள்வடிவமைப்புக்கு நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 10 ஆண்டுப் பாதுகாப்பே அளிக்கிறது.

இதுவரை சிரமம் உண்டு. சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. நான்காவதாக வருவதுதான் சிக்கல்: படிப்பு நினைவகச் சில்லு. இதன் உள்ளே 16 கிலோபைட் அளவில் யந்திரத்தை நடத்தும் கட்டளைத் தொடரும், மற்றொரு 16 கிலோபைட் அளவில் பேசிக் மொழியும் பதிந்திருக்கின்றன. இவை இல்லாமல் பலகைக்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் ஓர் எழுத்தும் தோன்றாது.

இந்தச் சில்லைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். நடத்தும் தொடரின் பிந்திய பதிப்பில், செயலி ஒருபோதும் எட்டாத 768 பைட் இடம் ஒன்று இருக்கிறது. அந்த முகவரிகளை வெளிக்கருவிகள் எடுத்துக்கொண்டமையால், சில்லில் அவ்விடம் வீணாகக் கிடந்தது. அதில் ஆக்கார்ன் பொறியியலார் தங்கள் கம்பெனியின் பதிப்புரிமைக் குறிப்பையும், அந்த யந்திரத்தை உருவாக்க உதவியவர்களின் பெயர்களையும் பதித்து வைத்தனர். சில்லைப் பிடுங்கித் தனிக்கருவியில் படித்தால்தான் அவை வெளிப்படும். கோவில் கட்டிய சிற்பி அடித்தளக் கல்லில் தன் பெயரைச் செதுக்கி மண்ணிட்டு மூடியதைப் போன்றது இது. பழைய சில்லில் இருப்பது வெறும் எண்வரிசை, அதற்கேது சொந்தக்காரர் என்று நினைப்பவர்க்கு, அந்த எண்வரிசையே விடை சொல்கிறது.

இவ்வாதம் அமெரிக்காவில் வழக்காகவே நடந்தது. ஃபிராங்க்ளின் என்னும் கம்பெனி ஆப்பிள்-2 யந்திரத்தைப் போன்ற ஒன்றைச் செய்து, ஆப்பிளின் தொடர்களை அப்படியே நகலெடுத்துப் பதித்தது. படிப்பு நினைவகத்தில் இருப்பது யந்திர உறுப்பே, இலக்கியமன்று என்று வாதாடியது. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஃபிராங்க்ளின் யந்திரத்தின் நகலில் ஆப்பிளின் நிரலர் ஒருவருடைய பெயரும் விட்டுப்போகாமல் இருந்தது அவ்வழக்கில் சான்றாயிற்று.

எத்தனை ஆண்டு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் அப்போது கணிப்பொறியைப் பற்றிய பேச்சே இல்லை. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறிக் கட்டளைத் தொடரை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் பேசிக் மொழியும் ஒரு நாவலும் ஒரே அலமாரியில் நிற்பவை. இலக்கியப் படைப்புக்கு உரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அதற்குப்பின் 60 ஆண்டும். பலர் சேர்ந்து எழுதியதாயின், கடைசியாக மறைந்தவரின் மறைவிலிருந்து கணக்கு. சம்பளத்துக்கு எழுதியதால் உரிமை கம்பெனிக்குப் போயிருந்தாலும் காலக்கணக்கு எழுதியவரின் ஆயுளைப் பொறுத்ததே. அயல்நாட்டுப் படைப்புகளையும் நம் சட்டம் சர்வதேச ஒப்பந்தங்களின்படி காப்பாற்றுகிறது.

பி.பி.சி. பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன் 1957-இல் பிறந்தவர். அவர் நூறாண்டு வாழ்க! அவ்வாறு வாழ்ந்தால், அந்த 16 கிலோபைட்டின் உரிமை இந்தியச் சட்டப்படி 2117-ஆம் ஆண்டின் இறுதிவரை நிற்கும்.

அரசுக்கோ அரசு நிறுவனத்துக்கோ முதலிலிருந்தே உரிய படைப்புகளின் கணக்கு வேறு. வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அரசு நிறுவனம் ஒன்று 1969-இல் வெளியிட்ட தொடர் 2029-ஆம் ஆண்டு முடிய உரிமையில் இருக்கும். இது எட்டக்கூடிய காலம்.

இனி மறுபக்கம். புற ஊதாக்கதிரால் அழித்தெழுதும் நினைவகச் சில்லில் செய்தி மின்னூட்டமாக நிற்கிறது. அது மெல்லக் கசியும். சில்லைச் செய்தவர்கள் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகளுக்கே உறுதி கூறினர். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று கால்களை அரிக்கும். ஒலிநாடாவில் பதிந்த தொடர்கள் பூஞ்சை பிடித்து உதிர்கின்றன. சட்டத்தின் கடிகாரம் நூற்றாண்டுக் கணக்கில் ஓடுகிறது. சில்லின் கடிகாரமோ முப்பது நாற்பது ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. உரிமை முடியட்டும் என்று காத்திருந்தால், நகலெடுப்பதற்கு எஞ்சியிருப்பது ஒன்றுமிராது. இத்துறையில் உண்மையான இடர் இதுவே என்பது என் கருத்து. களவு என்ற பேச்சு பெரிதாகக் கேட்கிறது; மறைவு சத்தமின்றி நடக்கிறது.

சட்டம் விட்டுவைத்த வாயில்கள்

சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உரிமை மீறலாகக் கொள்ளத்தகாத செயல்களைக் கூறுகிறது. அவற்றுள் நமக்கு வேண்டியவை சில. கட்டளைத் தொடரின் நகலை முறைப்படி உடையவர், அது இழப்போ சேதமோ அடையாதிருக்க, மூலப் பயனுக்காகவே காப்புப் பிரதி எடுக்கலாம். ஆகவே பள்ளிக்குச் சொந்தமான யந்திரத்தின் சில்லைப் படித்து, பழுதான சில்லுக்குப் பதிலாக அதே யந்திரத்தில் புதிய சில்லைச் செருகுவதற்கு நியாயம் வலுவாக உண்டு. ஒரு யந்திரத்திலிருந்து படித்து முப்பது புதிய பலகைகளில் பதிப்பது வேறு காரியம். காப்புப் பிரதி என்ற சொல் அதற்கு இடந்தராது.

1999-ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் மூன்று வாயில்களைத் திறந்தது. தனித்து எழுதிய தொடர் ஒன்று பிற தொடர்களோடு இணங்கி இயங்குவதற்கு இன்றியமையாத விவரம் வேறு வழியில் எளிதிற் கிடைக்காதபோது, அதைத் தேடி அறியலாம். தொடரை இயக்கி, கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்துகளைக் கண்டறியலாம். தமக்கென முறைப்படி பெற்ற நகலிலிருந்து, வாணிபமற்ற சொந்த உபயோகத்துக்குப் பிரதி செய்யலாம். பழைய யந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் புதிய நடத்துதொடரை நாமே எழுதுவதற்கு இவற்றுள் இரண்டாவது அடிப்படையாகும். எழுத்தைப் படியெடாமல் வேலையை மட்டும் அறிந்து எழுதுவது இது. ஒரு குழு பழையதை ஆராய்ந்து அதன் செயல்களை மட்டும் குறித்துக் கொடுக்க, பழைய எழுத்தைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழு புதிதாக எழுதும் முறையை அமெரிக்கக் கம்பெனிகள் 1980-களில் கையாண்டன. மேல்வகுப்பு மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து இதைச் செய்வித்தால், அது சிறந்த பயிற்சியாகவும் அமையும்.

கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகல் செய்யலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. தில்லிப் பல்கலைக்கழக நகற்கடை வழக்கில், 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் 'கற்பித்தலின்போது' என்பதற்கு வகுப்பறை விரிவுரையைக் காட்டிலும் விரிந்த பொருள் கொண்டது. ஆனால் அது பாடநூற் பகுதிகளைப் பற்றிய வழக்கு; கட்டளைத் தொடரைப் பற்றியதன்று. இதை மட்டுமே நம்பிப் பொருட்காட்சியில் விற்பனைக்கு வைப்பது அறிவுடைமையாகாது.

வாணிபமற்ற பொது நூலகம், தன்னிடம் எண்முறையல்லாத பிரதி உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்ற விதியும் 2012-இல் சேர்ந்தது. பழைய துளைநாடாவுக்கு இது பொருந்துமா? நாடா காகிதம்தான், ஆனால் அதிலுள்ள துளை உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளைக் குறிப்பதால், எண்முறைப் பதிவுகளுள் மூத்தது என்றும் அதைச் சொல்லலாம். விதி எழுதியவர்கள் துளைநாடாவை நினைத்திருக்க மாட்டார்கள்.

தண்டனையையும் அறிந்திருத்தல் நலம். உரிமை மீறிய நகல் என்று அறிந்தே கணிப்பொறியில் உபயோகிப்பவர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். லாப நோக்கம் இல்லாவிடின், தக்க காரணம் கண்டு சிறையை நீக்கி 50,000 வரை அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

உரிமையாளரைத் தேடுதல்

அனுமதி கேட்பதே நேர்வழி. ஆனால் யாரிடம்? ஆக்கார்ன் 1985-இல் இத்தாலியின் ஆலிவெட்டி வசமாயிற்று. 1990-இல் அதன் செயலிப் பிரிவு ஏ.ஆர்.எம். என்ற தனிக் கம்பெனியாயிற்று. 1999-இல் எஞ்சியவை பல கைகளுக்குப் பிரிந்தன. யூனிகார்ன் செய்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸின் மொகாலி ஆலை 1989-இல் தீக்கிரையாயிற்று. பின்னர் அது விண்வெளித் துறையின் கீழ் ஆய்வுக்கூடமாக மாறி, பிறகு மின்னணுவியல் அமைச்சகத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் பெற்றிருந்த லைசென்ஸ் செய்து விற்பதற்கானது. அதைக் காட்டிப் பிறர் உரிமை கோர முடியாது. மின்ஸ்க்-2 தொடர்களின் உரிமையாளரைத் தேடுபவரோ, 1991-இல் மறைந்துபோன ஒரு நாட்டின் வாயிலில் போய் நிற்பார்.

இத்தகைய நிலைக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆசிரியர் மறைந்தோ அறியப்படாமலோ இருந்து, உரிமையாளரையும் கண்டுபிடிக்க இயலாதபோது, 31ஏ பிரிவின்கீழ் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். நிர்ணயிக்கும் தொகையைச் செலுத்த வேண்டும். 2021 முதல் இது வணிக நீதிமன்றத்தின் பொறுப்பு. பள்ளி அறிவியல் கழகத்துக்கு இது மலையைக் கல்லி எலியைப் பிடிக்கும் வேலை. அருங்காட்சியகமோ பல்கலைக்கழகமோ முயலலாம்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணிப்பொறி 1982-இல் சிங்க்ளேர் கம்பெனியால் பிரிட்டனில் வெளியிடப்பட்டது. நம் நாட்டிலும் புனேயின் டெசிபெல்ஸ் கம்பெனி இதைச் செய்து விற்றது. 1986-இல் சிங்க்ளேரின் கணிப்பொறித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. ஸ்பெக்ட்ரத்தை வேறு கணிப்பொறியில் பாவனையாக இயக்கும் ஆர்வலர்கள் கேட்டபோது, 1999-இல் ஆம்ஸ்ட்ராட் இசைந்தது. நடத்துதொடரை விநியோகிக்கலாம், உள்ளே இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது, உரிமை எங்களுடையதே என்று அது கூறிவிட்டது. அந்தக் கம்பெனி பின்னர் இருமுறை கைமாறியது. கைமாறும் முன்னரே ஒருவர் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றதால் அந்த யந்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பதில் வராத கடிதத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

கேட்கவே தேவையில்லாத வகையில் தந்தவர்களும் உண்டு. பிரின்ஸ்டனில் தாங்கள் வகுத்த கணிப்பொறி அமைப்பை விளக்கி வான் நியூமன், கோல்ட்ஸ்டைன், பர்க்ஸ் ஆகியோர் 1946 முதல் எழுதிய அறிக்கைகளைப் பொதுச்சொத்தாகவே விட்டனர். உலகில் பல இடங்களில் அவற்றைப் படித்து யந்திரங்கள் எழுந்தன. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நரசிம்மன் தலைமையில் உருவாகி, 1960-இல் இயங்கி, 1962-இல் நேரு பெயர் சூட்டிய டிஃப்ராக் அவ்வழியில் வந்ததே. அன்று எவரும் லைசென்ஸ் கட்டணம் கேட்டிருந்தால், நம் முதற்கணிப்பொறி எப்போது எழுந்திருக்குமோ!

திருவனந்தபுரத்தில் கிடைத்த வழி

இந்தப் பிரச்சினைக்குத் திருவனந்தபுரம் இருமுறை விடை தேடியது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் அந்நகரில் தொடங்கப்பட்டது. பதிப்புரிமையை ஒழிப்பதன்று அவ்வியக்கத்தின் வழி; பதிப்புரிமையைக் கொண்டே, நகலெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு உரிமை அளிப்பது. கேரளப் பள்ளிகள் பின்னர் அத்தகைய மென்பொருளுக்கே மாறின. இரண்டாவது விடை வேகா. ஏ.ஆர்.எம். செயலியின் கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்தப் பணம் கொடுத்து லைசென்ஸ் பெற வேண்டும். வேகா பின்பற்றுவதோ, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-5 என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை. தொகுதி திறந்திருப்பதால் சி-டாக்கின் சொந்த வடிவமைப்பும் பொதுச்சொத்தாகிவிட்டது என்று கொள்ளற்க. மொழி எல்லோர்க்கும் பொது. நூல் எழுதியவர்க்கு உரியது.

இனி ஒரு செய்முறை. தேஜஸ்32 என்னும் வேகா சில்லைத் தாங்கிய ஏரீஸ் பலகை, வினாடிக்கு 10 கோடித் துடிப்புகளில் இயங்குகிறது. நினைவகம் 256 கிலோபைட். பி.பி.சி. மைக்ரோவின் 6502 செயலிக்கோ வினாடிக்கு 20 லட்சம் துடிப்புகள். பழைய துடிப்பு ஒன்றுக்குப் புதிய துடிப்புகள் 50 கிடைக்கின்றன. எனவே 6502-ஐப் பாவனை செய்யும் தொடரை நாமே எழுதிப் பார்க்க இடமுண்டு. திரையில் படம் காட்டும் பகுதியை விடுத்து, எழுத்துகளை மட்டும் மற்றொரு கணிப்பொறியின் திரைக்கு அனுப்பினால் போதும். பேசிக் மொழிக்கு என் செய்வது? மைக்ரோசாஃப்ட் கம்பெனி, 1970-களில் 6502-க்காக எழுதிய தன் பேசிக்கின் மூலத்தை, சுமார் 7,000 வரிகளை, 2025 செப்டம்பரில் எம்.ஐ.டி. லைசென்ஸின்கீழ் வெளியிட்டது. லைசென்ஸ் வாசகத்தையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்காமல் வைத்தால் போதும். நகலெடுக்கலாம், திருத்தலாம், முப்பது பலகைகளில் பதிக்கலாம். ஆனால் கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் பலகையின்மேல் ஒட்டிக்கொள்ள இந்த லைசென்ஸ் இடந்தரவில்லை. வணிகக்குறி புதுப்பிக்கப் புதுப்பிக்க முடிவின்றி நீளும் உரிமை.

இவ்வாறு செய்தது பி.பி.சி. மைக்ரோ ஆகாது, அதன் உறவுமுறை யந்திரம். இரு பேசிக்குகளும் இலக்கணத்தில் வேறுபடுவதால், கிளாஸ் திட்டக் காலத்தில் எழுதிய பாடங்கள் பல அப்படியே ஓடமாட்டா; வரி வரியாகத் திருத்த வேண்டும். உண்மையான பி.பி.சி. மைக்ரோதான் வேண்டும் என்பவர், பள்ளியின் பழைய யந்திரத்தையே செப்பனிட்டு, அதன் சில்லுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதே தகும். எந்த யந்திரத்திலிருந்து, எந்த நாளில், யார் படித்தது என்பதை இருப்புப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

பரணில் யந்திரத்தோடு ஒலிநாடாக்களும் கிடைக்கும். கம்பெனி அச்சிட்ட மேலுறை இல்லாத, மையால் பெயர் எழுதிய நாடாக்கள் அவை. பெருக்கல் வாய்பாடு கேட்கும் தொடர், கோள்களின் பாதை வரையும் தொடர், ஏதோ ஒரு விளையாட்டு; அன்றைய பத்தாம் வகுப்பு மாணவர் எழுதியவை. இவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. சட்டப்படி இவற்றின் உரிமையாளர் அந்த மாணவர்தாம், பள்ளியன்று, ஆசிரியருமன்று. அவர் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பார். ஆக்கார்னின் வாரிசைத் தேடுவதைப் போல இவரைத் தேடக் கடல் கடக்க வேண்டியதில்லை. நாடாவின் மேலுள்ள பெயரையும் ஆண்டையும் கொண்டு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், தந்தையின் பெயரும் வீட்டு முகவரியும் கிடைக்கும். முதலில் நாடாவை நகலெடுத்துவிடுங்கள். அது இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது. பிறகு அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி, வகுப்பில் இயக்கிக் காட்டவும் பிற பள்ளிகளுக்குக் கொடுக்கவும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.